ஒன்றுமில்லை என்ற பதில்

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு, கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் மக்களின் உடல்நிலை குறித்து ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தமக்கு நோய் இருப்பதாகவோ உடல்நிலை சுமாராக இருப்பதாகவோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். 'சுமார்' என்ற பதிலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஆண்கள் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை. அமர்த்தியா சென் தன் எழுத்துகளில் எடுத்துக்காட்டிய எண்கள் இவை.

பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. அந்தப் பூஜ்யம் அவர்கள் உடம்பைப் பற்றிய தகவல் அல்ல. தன் உடம்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் பற்றிய தகவல். தமிழ் இலக்கணமும் இதற்கு விலக்கல்ல. தொல்காப்பியம் மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதாரநிலை என்கிறது. கணவனை இழந்தவளின் நிலையைத் தாபதநிலை என்கிறது. அவனுக்கு அது இழப்பு, அவளுக்கு நோன்பு. நோன்பிருப்பவளிடம் பசிக்கிறதா என்று யார் கேட்பார்கள்?

இன்று கேட்கிறார்கள். ஒரு நாட்டு மக்களின் 'உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தர'த்தை எண்ணாக்கும் கருவிகளில் உலகெங்கும் பரவலாகப் புழங்குவது ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாள். 1987இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடித் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி, மனக்கலக்கம் என ஐந்தே தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'பிரச்சினை இல்லை' தொடங்கி ஐந்து படிகள். மொத்தம் 3,125 வகை உடல்நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் என்ன மதிப்பு என்பதை அந்தந்த நாட்டு மக்களிடமே கேட்டு முடிவு செய்கிறார்கள். இந்தியாவுக்கான மதிப்புப் பட்டியல், ஐந்து மாநிலங்களில் 3,548 பேரிடம் கேட்டுத் தயாரிக்கப்பட்டு, 2022இல் வெளியானது.

இப்படியொரு அளவீடு பெண்களுக்கு மிகவும் தேவை. சாவை மட்டும் எண்ணும் புள்ளிவிவரத்தில் மூட்டுவலி வராது, கர்ப்பப்பை இறக்கம் வராது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வராது. கொல்லாமல் வதைக்கும் நோய்களே பெண்களை அதிகம் பிடிக்கின்றன. வதையையும் கணக்கில் சேர் என்று சொல்லும் கருவியை நாம் ஒதுக்க முடியாது. அதனாலேயே அதை ஒரு பனுவலாக வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அன்றாட வேலைகள். இந்தத் தலைப்பின் கீழ் வேலை, படிப்பு, வீட்டுவேலை, குடும்பம், ஓய்வுநேரப் பொழுதுபோக்கு எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வரும் நாடு இது. அந்தச் 'சும்மா'வுக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு கணக்குப் போட்டது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். காய்ச்சலோடு சோறு வடித்தவளிடம் அன்றாட வேலையில் சிரமம் உண்டா என்று கேட்டால், வேலைதான் முடிந்துவிட்டதே, 'இல்லை' என்பாள். வேலை நடந்ததா என்பதைக் கேள்வி பிடித்துவிடுகிறது. எந்த உடம்பை வைத்து நடந்தது என்பது நழுவிவிடுகிறது.

அடுத்து, 'இன்று'. இந்தக் கேள்வித்தாள் இன்றைய உடல்நிலையை மட்டுமே கேட்கிறது. மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுப்பவளை நான்காம் நாள் சந்தித்தால் அவள் முழு ஆரோக்கியமானவள்.

மூன்றாவது, மதிப்புப் போடும் முறை. இந்த உடல்நிலையோடு பத்து ஆண்டு வாழ்வீர்களா, அல்லது முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வீர்களா என்று கேட்கிறார்கள். ஏழு ஆண்டு போதும் என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.7. தன் ஆயுள் தன் கையிருப்பு, அதை விரும்பியபடி பேரம் பேசலாம் என்ற நினைப்பின் மேல் இந்தக் கணக்கு நிற்கிறது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் இருந்தாப் போதும்" என்று சொல்கிறவள் எதை யாரோடு பேரம் பேசுவாள்? பிள்ளைகளுக்காக வலியோடு பத்து ஆண்டும் இருக்கிறேன் என்று அவள் சொன்னால், அந்த வலி லேசானது என்று கணக்கு எழுதிக்கொள்ளும்.

இது வெறும் ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் செலவிடலாம் என்று ஆராய்கிறவர்கள், சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான மதிப்பின் வித்தியாசத்தை ஆண்டுகளால் பெருக்கி, அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடுகிறார்கள். நோயோடு இருக்கும்போதே 'ஒன்றுமில்லை' என்றவளுக்குச் சிகிச்சையால் கூடும் மதிப்பும் ஒன்றுமில்லை. அவளுடைய பொறுமை, அவளுக்குச் செலவழிப்பது வீண் என்பதற்கான ஆதாரமாகிவிடுகிறது.

அப்படியானால் பெண்ணின் சொல்லை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பலாமா? அது இன்னும் ஆபத்தான வழி. வலிக்கிறது என்று சொன்ன பெண்ணிடம் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லி அனுப்பிய வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. சென் காட்டும் இன்னொரு உண்மை இங்கே உதவும். கல்வியிலும் ஆயுளிலும் முன்னிற்கும் கேரளத்தில் 'எனக்கு நோய் இருக்கிறது' என்று சொல்வோர் அதிகம், பீகாரில் குறைவு. படிப்பும் கைக்கெட்டும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகுதான் வலிக்கு நோய் என்ற பெயர் கிடைக்கிறது. புகார் கூடுவது சில இடங்களில் உரிமை கூடுவதன் அடையாளம்.

எனவே பெண் 'வலிக்கிறது' என்றால் அப்படியே நம்ப வேண்டும். 'ஒன்றுமில்லை' என்றால் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நீங்கள் படுத்தால் அடுப்பை யார் பற்றவைப்பார்கள்? கடைசியாக எப்போது உங்களுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? போக யாரிடம் காசு கேட்டீர்கள்? ஐந்து தலைப்புகளோடு இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் ஒரு நாட்டின் உடல்நலம் இப்போது தெரிவதைவிட மோசமாகத் தெரியும். தெரியட்டும். சிங்கூரில் ஒரு பெண்கூடச் சொல்லாமல் விட்ட அந்தச் 'சுமார்' என்ற சொல்லுக்கு அப்போதாவது ஓர் எண் கிடைக்கும்.