வாசல்வரை போய்த் திரும்புகிறவர்

சின்னத்திரைத் துப்பறிவாளர்களில் யார் பெரியவர் என்று பேச்சு எழுந்தால், என் நண்பர் ஒருவர் "ஜெரமி பிரெட்" என்று பெயரை மட்டும் சொல்வார். அத்தோடு விவாதம் முடிந்தது என்பது அவர் எண்ணம். நான் "கொலம்போ" என்பேன். பிறகு இரவு பதினொரு மணியானாலும் இருவருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றாது. பல வருஷங்களாக நடக்கும் இந்த வழக்கில் என் தரப்பை ஒருமுறையாவது முழுசாக எழுதி வைக்க ஆசை.

இந்த விவாதத்தில் பலரும் மூளையை அளக்கிறார்கள். ஹோம்ஸின் மூளை பெரிதா, புவாரோவின் மூளை பெரிதா? இந்த அளவுகோல் இங்கே செல்லாது. மூளை எழுத்தாளர் கொடுத்தது. கொலைகாரன் யார் என்று எழுதுகிறவர் முன்பே முடிவுசெய்துவிட்டார். துப்பறிகிறவர் கண்டுபிடிக்காமல் போக வழியே இல்லை. நடிகர் கொடுப்பது வேறு. எதிரே ஒருவர் பேசும்போது இவர் எப்படிக் கேட்கிறார், ஒரு பொய் காதில் விழுந்த கணத்தில் முகத்தில் என்ன நடக்கிறது, அதை எப்படி மறைத்துக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சினிமாக் கொட்டகைக்குப் போய் மலையும் கடலும் பார்க்கலாம். வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் பார்க்கத் தகுந்த பெரிய காட்சி மனித முகம்.

முகம் என்று வந்துவிட்டால் பிரெட்டுக்கு முதலில் எழுந்து நின்று மரியாதை செய்தாக வேண்டும். கிரனாடா தொலைக்காட்சி 1984 முதல் 1994 வரை எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரில் மொத்தம் 41 எபிசோட்கள். மான்செஸ்டரில் பேக்கர் தெருவையே கட்டி எழுப்பினார்கள். சிட்னி பேஜட் அந்தக் காலத்தில் ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு வரைந்த படங்களை முன்னால் வைத்துக்கொண்டு சில காட்சிகளை அப்படியே அமைத்தார்கள். பிரெட்டின் கையில் 77 பக்கத்துக்கு ஒரு குறிப்பேடு இருந்தது; ஹோம்ஸின் நடை, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் கோனன் டாயிலின் கதைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அவ்வளவு படித்துத் தயார்செய்தவர், படித்த சுவடு தெரியாமல் நடித்தார். வந்தவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். ஏதோ ஒரு சொல்லில் கண் திறக்கும். திடீரென்று சோபாவைத் தாண்டிக் குதிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டில் ஒரு வினாடி மின்னும். நாம் பார்த்தோமா என்று சந்தேகப்படுவதற்குள் அணைந்திருக்கும்.

1988-இல் வந்த 'தி டெவில்ஸ் ஃபுட்' எபிசோடை என் நண்பர் எப்போதும் சாட்சிக்கு அழைப்பார். உடம்பு கெட்டு ஓய்வுக்காகக் கார்ன்வால் கடற்கரைக்கு வந்திருக்கும் ஹோம்ஸ், தன் கோகெய்ன் ஊசியை மணலில் புதைத்துவிடுகிறார். மூலக்கதையில் இது கிடையாது. சிறுவர்களும் தொடரைப் பார்க்கிறார்கள் என்று அறிந்த பிரெட், கோனன் டாயிலின் மகள் ஜீனிடம் சம்மதம் பெற்றுச் செய்தது. அதே கதையில் விஷப்புகையின் பிடியிலிருந்து மீளும்போது, எப்போதும் "வாட்சன்" என்றே அழைக்கும் மனிதர் "ஜான்" என்று கதறிவிடுகிறார். அந்த ஒரு பெயரில் அவர்களுடைய நட்பு முழுக்க இருக்கிறது. வாட்சனும் லேசுப்பட்டவர் இல்லை. பழைய ஹாலிவுட் படங்களில் நைஜல் புரூஸ் அவரை அசட்டு மனிதராக ஆக்கி வைத்திருந்தார். டேவிட் பர்க்கும் அவருக்குப் பின் எட்வர்ட் ஹார்ட்விக்கும் போர்க்களம் பார்த்த டாக்டர் ஒருவரை நமக்கு மீட்டுக் கொடுத்தார்கள்.

பிரெட் பைபோலார் நோயோடும் இதய நோயோடும் போராடிக்கொண்டே நடித்தார். கடைசி எபிசோட்களில் உடல் கனத்து, மூச்சு வாங்கி, குரல் தளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். தொடர் முடிந்த மறுவருஷம் இறந்துபோனார். புத்தகத்திலிருந்து இறங்கி வந்த ஹோம்ஸ்களில் அவருக்கு ஈடு இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். 2010-இல் தொடங்கிய பெனடிக்ட் கம்பர்பேட்சின் 'ஷெர்லாக்' தொடரில் ஹோம்ஸ் நினைப்பதெல்லாம் திரையில் எழுத்துகளாக மிதந்து வந்தன. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் பிரெட் அதையெல்லாம் ஒரு இமையசைவில் காட்டினார். எழுத்து வந்த இடத்தில் முகம் தோற்றுப்போகிறது.

டேவிட் சூஷேயின் ஹெர்க்யூல் புவாரோவைப் பற்றி இந்த அளவுக்கு நீட்டி எழுத எனக்குத் தோன்றவில்லை. அவருடைய உழைப்பின் அளவு பிரமிப்பூட்டுவதுதான். 1989 முதல் 2013 வரை 70 எபிசோட்கள். அகதா கிறிஸ்டியின் பக்கங்களைத் துருவிப் புவாரோவின் இயல்புகளாக 93 குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அந்தக் குறுநடையைப் பழக, பிட்டங்களை நெருக்கி, நாணயம் ஒன்றைக் கீழே விழாமல் இடுக்கிக்கொண்டு நடந்து பார்த்தார். அவருடைய திறமையில் குறை இல்லை. மூலக்கதை பெரும்பாலும் புதிர். விடை தெரிந்தபின் மறுபடி பார்க்கப் புவாரோவின் மீசையும் நடையும்தான் மிஞ்சுகின்றன. விதிவிலக்கு 2010-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'. சட்டத்தை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கர் ஒருவர், ஜெபமாலையைப் பற்றிக்கொண்டு பனியில் கண்ணீரோடு நடந்து போகிறார். பெரிய நடிகர் என்பதற்கு அந்த நடை போதும்.

யாரும் பேசாத ஒருவரை இங்கே பேசிவிட வேண்டும். ஜோன் ஹிக்சன். பிபிசி 1984 முதல் 1992 வரை மிஸ் மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டையும் எடுத்தது. தொடங்கும்போது ஹிக்சனுக்கு வயது 78. அதற்குப் பல வருஷங்கள் முன்பே அவரை மேடையில் பார்த்த அகதா கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார். ஹிக்சன் எதுவும் செய்வதாகவே தெரியாது. மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். கிழவிதானே என்று எல்லாரும் அவர் முன்னால் பேசிவிடுவார்கள். பேசி முடித்ததும் கேமரா அந்த நீலக் கண்களுக்குப் போகும். பேசியவருக்காக நமக்கு வயிற்றைப் பிசையும்.

நம் பக்கத்தில் ராஜித் கபூரின் வியோம்கேஷ் பக்ஷியும் அதே ஜாதி. 1993-இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜி இயக்கத்தில் வந்தது. துப்பறிவாளர் என்ற பட்டமே பிடிக்காமல், சத்தியத்தைத் தேடுகிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வங்காளி. வேட்டி கட்டிய ஒரு சாதாரண மனிதர் குரலை உயர்த்தாமல் உண்மையை நெருங்கலாம் என்பதை நமக்குக் காட்டியவர். பட்ஜெட் சிறிது, செட் எளியது. ராஜித் கபூரின் அமைதி அதையெல்லாம் மறக்கடித்தது.

ஹோம்ஸும் புவாரோவும் அறைக்குள் நுழைந்தால் அறை அவர்களுடையதாகிவிடும். மார்ப்பிளும் வியோம்கேஷும் தங்களைச் சிறிதாக்கிக்கொண்டு, எதிராளி பேச இடம் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வழியின் உச்சிதான் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் லெஃப்டினன்ட் கொலம்போ.

கொலம்போ எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு பள்ளிக்கூடத் தோழர்கள் படைத்த பாத்திரம் இது. 1960-இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் இந்த வேடத்தைப் போட்டார். பிறகு அதே கதை மேடைக்குப் போய், 1968-இல் தொலைக்காட்சிப் படமாகத் திரும்பி வந்தபோது பாடகர் பிங் கிராஸ்பியை நினைத்திருந்தார்கள். அவர் வராததால் பீட்டர் ஃபாக் வந்தார். 1971-இல் தொடர் ஆரம்பித்தது; அதன் முதல் எபிசோடை இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். 2003 வரை விட்டுவிட்டு வந்த எபிசோட்கள் மொத்தம் 69.

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' படித்தவர்களுக்கு இந்த மனிதரை முன்பே தெரியும். ரஸ்கோல்நிகோவைச் சுற்றிச் சுற்றி வந்து, சம்பந்தமில்லாததெல்லாம் பேசி, சிரித்து, தடுமாறி, விடாமல் துளைக்கும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்தான் தங்களுக்கு முன்மாதிரி என்று படைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

தொடரின் அமைப்பைக் கவனியுங்கள். கொலை முதலில் நம் கண்முன்னே நடக்கும். யார், எப்படி, ஏன் எல்லாம் தெரிந்துவிடும். கதாநாயகன் அதற்குப் பிறகுதான் வருவார், சில சமயம் இருபது நிமிஷம் கழித்து. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இலேயே சிறுகதைகளில் செய்து பார்த்த உத்தி இது. ஆனால் இது தொலைக்காட்சிக்கு வந்தபோதுதான் முழு வடிவம் பெற்றது. யார் கொலைகாரன் என்ற கேள்வியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு அறையில் இரண்டு பேர் பேசுவது மட்டும். ஒருவருக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டார். இன்னொருவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது, காட்டிக்கொள்ள மாட்டார். இந்த ஆட்டத்துக்கு ஒளிந்துகொள்ளப் புதிர் கிடையாது. நடிகர் சறுக்கினால் அந்த இடத்திலேயே எபிசோட் விழுந்துவிடும்.

ஃபாக் சறுக்கவில்லை. மூன்று வயதில் புற்றுநோய்க்கு வலது கண்ணைப் பறிகொடுத்தவர். கண்ணாடிக் கண்ணோடு தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கசங்கிய மழைக்கோட்டு நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது அவரே தனக்காக வாங்கியது. அழுக்கேறிய பெஜோ 403 கார் ஸ்டூடியோவில் கிடந்த வண்டிகளில் அவரே தேர்ந்தெடுத்தது. படப்பிடிப்பின்போது ஒத்திகையில் இல்லாதபடி திடீரென்று பென்சிலைத் தேடி எல்லாப் பைகளையும் துழாவுவார். எதிரே நிற்கும் நடிகருக்கு எரிச்சல் ஏறும்; அந்த எரிச்சல் நடிப்பு இல்லை, நிஜம்.

அந்தப் புகழ்பெற்ற "இன்னும் ஒரே ஒரு விஷயம்" பிறந்த கதையும் எனக்குப் பிடித்தது. மேடை நாடகத்தை எழுதும்போது ஒரு காட்சி சின்னதாகப் போய்விட்டது. கொலம்போ அதற்குள் வெளியே போயாகிவிட்டது. டைப்ரைட்டர் காலம், பக்கங்களை மறுபடி அடிக்க மனமில்லாமல், அவரைத் திரும்ப உள்ளே வரவைத்து, கேட்க மறந்த ஒரு கேள்வியைக் கேட்கவைத்தார்கள். வாசல்வரை போனவர் நெற்றியில் கைவைத்துத் திரும்பும்போது கொலைகாரன் விட்ட பெருமூச்சு பாதியில் நிற்கிறது. விசாரணை முடிந்தது என்று மனம் தளர்ந்த அந்தக் கணத்தில் மனிதன் உண்மைக்கு அருகில் இருக்கிறான். இதைப் புரிந்துகொண்ட போலீஸ்காரர் கையில் துப்பாக்கி தேவையில்லை. ஒரு எபிசோடில் துப்பாக்கிப் பயிற்சித் தேர்வுக்குத் தனக்குப் பதில் இன்னொருவரைப் போகச் சொல்லிக் கெஞ்சுவார்.

அவர் பிடிப்பவர்கள் எல்லாரும் பணமும் பேரும் உள்ளவர்கள்: டாக்டர், இசை நடத்துநர், எழுத்தாளர், சதுரங்க வீரர். ஏழை போலீஸ்காரர் பணக்காரர்களைப் பழிவாங்குகிறார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கொலம்போவின் வியப்பு பொய் வேஷம் இல்லை. அவர்களுடைய தொழிலை உண்மையாகவே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். கற்றுக்கொண்டது கொலையைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது.

1973-இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' எபிசோடைப் பாருங்கள். டொனால்ட் பிளசென்ஸ் ஒரு ஒயின் தயாரிப்பாளர். தோட்டத்தை விற்கத் துணிந்த தம்பியை நிலவறையில் அடைத்து, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போகிறார். அந்த வாரம் கடும் வெயில். தம்பி செத்தான்; அங்கே சேர்த்து வைத்திருந்த அருமையான ஒயின்களும் அந்தச் சூட்டில் கெட்டன. அது அவருக்கே தெரியாது. கொலம்போ ஒயினைப் பற்றிப் படிக்கிறார், கேட்கிறார், ருசிக்கப் பழகுகிறார். பிறகு ஒரு விருந்தில், அந்த நிலவறையிலிருந்தே எடுத்த புட்டியை அவருக்கே பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் இது சூட்டில் கெட்டது என்று பிளசென்ஸ் கொதிக்கிறார். அவருடைய நாக்கின் மேன்மையே அவருக்கு எதிரான சாட்சி. கைதுசெய்து அழைத்துப் போகும் வழியில், கொலம்போ காரை நிறுத்தி ஒரு புட்டி ஒயினை எடுத்து ஊற்றுகிறார். நல்ல தேர்வு, நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்கிறார் கொலைகாரர். தனக்கு யாரும் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை என்கிறார் போலீஸ்காரர். இருவரும் அதை மனதாரச் சொல்கிறார்கள்.

பிடிபட்டவனின் மதிப்பு குறையாமல் பிடிப்பது ஹோம்ஸால் முடியாது; புவாரோ முயன்றதும் இல்லை. 1989-க்குப் பின் வந்த எபிசோட்களில் பல சுமார்தான், அவற்றில் ஃபாக் வேடிக்கையைக் கொஞ்சம் கூட்டிவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளின் எபிசோட்கள் போதும் என் வழக்குக்கு. பிரெட் ஒரு புத்தகத்தை உயிரோடு எழுப்பினார். ஃபாக் புத்தகமே இல்லாத ஒரு மனிதரைக் கோட்டு, பென்சில், அரைக்கண் பார்வை இவற்றைக் கொண்டு படைத்தார். என் தீர்ப்பு கொலம்போவுக்கே.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஒயின் கதையிலிருந்து தொடங்குங்கள். நெடுநேரம் அவர் வரமாட்டார். பொறுத்திருங்கள்.