கடவோமும் ‘ஷல்’லும்: கல்வெட்டுக் கடப்பாட்டுச் சொற்களின் ஆங்கிலப் பெயர்ப்பு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கல்வெட்டுகளில் கடப்பாட்டை உணர்த்தும் கடவோம், கடவர், கடவது ஆகிய வடிவங்கள் மூன்றிற்கும் ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்னும் ஒரே துணைவினையை நிகராக்கும் வழக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கடமையை ஏற்றவர் யார், அக்கடமை எந்நிகழ்வால் பிறந்தது என்னும் இரு செய்திகளும் அப்பெயர்ப்பில் மங்கிவிடுகின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, கடப்பாடு, துணைவினை, மொழிபெயர்ப்பு, திருக்கோகர்ணம்

முன்னுரை

புதுக்கோட்டையின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தில் குடைவரையைக் கருவறையாகக் கொண்ட கோகர்ணேசுவரர் கோயிலும், 1910இல் நிறுவப்பெற்ற அரசு அருங்காட்சியகமும் அமைந்துள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடங்கள் 1929இல் நூலாக்கம் பெற்றன. கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1941, 1946 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. மூலமும் பெயர்ப்பும் ஒருங்கே கிடைக்கும் இப்பகுதி, இரு மொழிகளின் கடப்பாட்டுச் சொற்களை ஒப்பிடுவதற்கு ஏற்ற களமாகும்.

ஆங்கிலத் துணைவினைகளின் இயல்பு

‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’ ஆகியவை திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி ஏலாதவை. ‘மஸ்ட்’ பெரும்பாலும் பேசுவோரின் ஆணையையோ உறுதியையோ சார்ந்தது. ‘ஹேவ் டு’ புறச்சூழலின் கட்டாயத்தைச் சுட்டுவது. ‘ஷுட்’, ‘ஆட் டு’ ஆகியவை தகுதியும் அறிவுரையும் உணர்த்துவன. எதிர்மறையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ‘மஸ்ட் நாட்’ விலக்கு. ‘நீட் நாட்’ தேவையின்மை. முன்னதற்குக் ‘கூடாது’ என்பதும் பின்னதற்கு ‘வேண்டியதில்லை’ என்பதும் தமிழில் பொருந்தும். இவ்வேறுபாடுகளைக் கருதாமல் ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் நிரப்புவது வகுப்பறைப் பழக்கமாக நிலைத்துவிட்டது.

‘ஷல்’ தனிச் சிக்கலுடையது. மரபிலக்கண விதிப்படி, தன்மையில் அது வெறும் எதிர்காலத்தையும், முன்னிலை, படர்க்கையில் ஆணையையும் உறுதியையும் சுட்டும். சட்ட ஆவணங்களிலோ அது கட்டாயத்தின் சொல். ஆகவே ஒரே வடிவம் இடத்திற்கும் துறைக்கும் ஏற்பப் பொருள் மாறுகிறது.

கடவ- வடிவங்கள்

கல்வெட்டுத் தமிழின் கடப்பாட்டுச் சொல் விகுதி ஏற்பது. ‘எரிக்கக் கடவோம்’ என்பதில் கடமையைச் சுமப்போர் தாமே பேசுகின்றனர். ‘எரிக்கக் கடவர்’ என்பதில் கடமை பிறர்மேல் நிற்கிறது. ‘கடவது’ என்பதில் சுமப்பவர் மறைந்து, நிகழவேண்டிய செயலே முன்நிற்கிறது. இக்கால ‘வேண்டும்’ இவ்வேறுபாட்டை விகுதியால் காட்டாது. எழுவாயைக் கொண்டே அறியவேண்டும். கல்வெட்டுத் தொடர்களில் எழுவாய் வினையிலிருந்து நெடுந்தொலைவில் நிற்பதுண்டு என்பதால் விகுதியின் பயன் பெரிது.

நந்தா விளக்குக் கொடைகள் இதனைத் தெளிவாக்கும். சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பெற்றன. எண்ணிக்கை குறையாதிருக்க வேண்டிய அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடுகளைப் பெற்றவர் நெய் அளக்கும் பொறுப்பைக் ‘கடவோமானோம்’ என்ற வாய்பாட்டால் ஏற்பதுண்டு. இதில் ‘ஆனோம்’ இறந்தகாலம். கொடை கைமாறிய நிகழ்வால் கடமை பிறந்துவிட்டது என்பதே அதன் உள்ளீடு. இதனை ‘வீ ஷல்’ எனப் பெயர்த்தால் எதிர்கால வாக்குறுதி மட்டுமே எஞ்சும். ‘வீ மஸ்ட்’ என்றால் எவரோ இட்ட கட்டளைபோல் ஒலிக்கும். ‘பவுண்ட்’ என்னும் எச்சத்தோடு ‘ஆதல்’ வினையைச் சேர்த்த தொடரே மூலத்திற்கு அணுக்கமானது.

சொல்வரலாற்றிலும் ஓர் ஒப்புமை உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ஷல்’லின் மூலவடிவம் கடன்பட்டிருத்தலைக் குறித்தது, ‘ஆட்’ என்பதும் கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவமே. தமிழில் கடன், கடமை, கடவன் ஆகியவை ஓரினச் சொற்கள். பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘கடமை’ நிலவரியையும் குறித்தது. எனவே ஆங்கிலச் சொற்களில் மறைந்துபோன கடன் என்னும் பொருள், கல்வெட்டுத் தமிழில் உயிர்ப்புடன் இருந்தது எனலாம்.

மறுப்பும் விளக்கமும்

‘ஷல்’ சட்டமொழி மரபுடையது, கல்வெட்டும் ஆவணமே, ஆதலின் அது பொருந்தும் என்பர். கடவர், கடவது ஆகியவற்றுக்கு இவ்வாதம் ஏற்கத்தக்கதே. தன்மைப் பன்மைக்கு அது போதாது. அதேவேளை, ‘கடவோம்’ என்றிருப்பதனாலேயே ஊராரோ இடையரோ மனமுவந்து ஏற்றனர் என முடிவுகட்டவும் இயலாது. ஆவணம் எழுதுவோரின் வாய்பாடு, எளியோரின் இசைவின்மையை மறைத்திருக்கக்கூடும். விகுதி தருவது கடமை எவர் பெயரில் எழுதப்பட்டது என்ற செய்தி. அவர் விருப்பத்தின் சான்றன்று.

முடிவுரை

ஆங்கிலப் பெயர்ப்பை மட்டும் கொண்டு சமூக வரலாறு எழுதுவோர், ஒப்பந்தத்தை ஆணையாகவும் ஆணையை ஒப்பந்தமாகவும் கொள்ளும் இடர் இங்குள்ளது. மறுபதிப்புகளில் கடவ- வடிவங்களை விகுதியோடு அடைப்புக்குறிக்குள் காட்டுவது இவ்விடரைக் குறைக்கும். ஆங்கிலத் துணைவினைகளைக் கற்பிப்போர்க்கும் இவ்வடிவங்கள் பயனுடையன. கடப்பாடு என்பது ஒற்றைப் பொருளன்று. யார், யாருக்கு, எதனால் கடன்பட்டார் என்னும் வினாக்களின் தொகுதி என்பதை அவை மாணவர்க்குத் தம் மொழியிலேயே உணர்த்தவல்லன.