திரையில் பிறந்தோரும் நூலில் வாழ்வோரும்

நாவலிலே பிறக்கும் பாத்திரத்துக்கு முகம் கொடுப்பவன் வாசகன். ஒரே நாவலைப் படித்த பத்துப் பேர் பத்து முகங்களைக் காண்பர். தொலைக்காட்சித் தொடரிலிருந்து நாவலுக்கு வரும் பாத்திரத்தின் நிலை வேறு. அதன் முகமும் குரலும் நடையும் நூலைத் திறக்குமுன்பே வாசகன் மனத்தில் நிலைபெற்றுவிடுகின்றன. இத்தகைய நாவலை எழுதுபவன் ஒரு நடிகனோடு போட்டியிட வேண்டியவனாகின்றான். விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களையொட்டி எழுந்த நூல்கள் பல இப்போட்டியிலே தோற்றமைக்குக் காரணம், நடிகனிடமிருந்து எதனை எடுக்கலாம், எதனை எடுக்கலாகாது என்பதிலே தெளிவின்மையே எனலாம்.

'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கதைகளை 1967 முதல் நூலுருவாக்கிய ஜேம்ஸ் பிளிஷ், எழுத்துப் பிரதிகளைக் கொண்டே பணியாற்றினார். ஸ்பொக் என்னும் பாத்திரத்தையோ நடிகர் லெனாட் நிமோய் புருவத்தின் சிறு அசைவாலும் குரலின் அடக்கத்தாலும் ஆக்கியிருந்தார். பிரதியிலே புருவம் இராது. பின்வந்தோர் பலர் அந்தப் புருவத்தை மட்டும் பற்றிக்கொண்டனர். பக்கத்துக்குப் பக்கம் புருவம் உயர்கின்றது; ஆள்தான் வருவதில்லை. 'டொக்டர் ஹூ' தொடரையொட்டி அறுபதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய டெரன்ஸ் டிக்ஸ், கதாநாயகனை ஓரிரு வாய்பாட்டுத் தொடர்களால் அறிமுகஞ் செய்து மேற்செல்வார். அது முத்திரை, வார்ப்பு அன்று.

இத்தொடரின் முதல் நாவலை 1964 இல் எழுதிய டேவிட் விற்றேக்கர் மேற்கொண்ட வழி நோக்கத்தக்கது. அவர் டொக்டரின் உள்ளத்துள் நுழையவில்லை. உடன்செல்லும் இயன் என்பவனின் வாய்மொழியாகவே கதையைக் கூறினார். திரையில் டொக்டரைக் கண்டு வியந்தவன், ஐயுற்றவன், சினந்தவன் எவனோ அவனே இங்கும் பேசுகின்றான். நடிகனைப் பிரதிபண்ணாது, நடிகன் பிறரிடத்து ஏற்படுத்திய விளைவை எழுத்திலே பிடித்தமையே அந்நூலின் வெற்றி.

தமிழிலே இந்தப் பாதை மறுதலையாகவும் அமைந்ததுண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பத்திரிகைத் தொடர்கதையாக வெளிவந்த பின்னரே தொலைக்காட்சிக்குச் சென்றது. இயந்திர நாய் ஜீனோவை வாசகர் அதற்கு முன்பே தத்தம் மனத்தில் வளர்த்துவிட்டனர்.

இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்டு, 1956 முதல் 2008 இல் மறையும்வரை இங்கு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் படைப்பிலே இச்சிக்கல் இன்னும் ஆழமாக வெளிப்படுகின்றது. '2001' தொடரன்று, திரைப்படம். எனினும் வினா ஒன்றே. குப்றிக்கின் படமும் கிளார்க்கின் நாவலும் உடனுடன் உருவாகி 1968 இல் வெளிவந்தன. படத்திலே ஹால் என்னும் கணினி ஒரு செங்கண்ணும் டக்ளஸ் றெய்னின் அமைதியான குரலும் மட்டுமே. அது ஏன் கொலைசெய்தது என்பதைப் படம் சொல்வதில்லை. நாவல் சொல்கின்றது: உண்மையைப் பேணுவதற்கென ஆக்கப்பட்ட அறிவுக்கு, உடனிருப்போரிடம் பயணத்தின் நோக்கத்தை மறைக்கும்படி கட்டளை. அம்முரண்பாட்டிலே அது நொறுங்குகின்றது. இவ்விளக்கத்தால் அச்சம் குறைந்தது என்பது மெய். ஆயினும் இரக்கம் பிறந்தது. ஹால் எழுத்திலே ஒரு துன்பியற் பாத்திரமாகின்றது. விண்வெளி வீரன் போமனுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. எண்ணங்கள் பல கூறப்பட்டும் அவன் திரையிற் கண்ட மௌன மனிதனைவிடச் சிறியவனாகவே தோன்றுகின்றான்.

1982 இல் '2010' நாவலை எழுதியபோது கிளார்க் தம் முதல் நாவலைத் தொடரவில்லை, படத்தையே தொடர்ந்தார். நாவலிலே சனிக்குச் சென்ற கப்பல் படத்தின்படி வியாழனருகே நின்றது. திரை நூலாசிரியனையே வென்ற இடம் இது. ஆனால் அவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாலின் ஆசிரியர் படத்திலே லாங்லி. முதல் நாவலில், நினைவழியும் ஹாலின் வாயில் வரும் பெயர் சந்திரா. வெறும் பெயராயிருந்த அவர் '2010' இல் முழுமனிதராகின்றார். சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்பது அவரது முழுப்பெயர். சகபயணிகளோடு ஒட்டாதவர், தாம் பயிற்றிய இயந்திரத்தோடு தந்தைபோற் பேசுபவர்.

பெயர் சிறு விடயம் என்பார் அரிப்புக் கடலை நினைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே 1863 இல் மேடையேற்றிய இசைநாடகம் இலங்கை முத்துக்குளிப்போரைப் பற்றியது. இலங்கையின் புகழ்பெற்ற முத்துப்பார்கள் அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் அப்பாலுள்ள கடலிலேதான் உள்ளன. நாடகமாந்தரோ லெய்லா, நாதிர், சுர்கா. கதை முதலில் மெக்சிக்கோவுக்கென எண்ணப்பட்டுப் பின்னரே இலங்கைக்கு மாற்றப்பட்டது. எக்கரையிலும் இறக்கிவிடக்கூடிய மாந்தர் அவர்கள். சலாபத்திலே மூச்சடக்கிய மனிதனை அவர்களிடம் தேடிப் பயனில்லை. சந்திரசேகரம்பிள்ளையை அவ்வாறு எங்கும் இறக்கிவிட முடியாது. அப்பெயருக்கு ஊர் உண்டு.

1984 இல் பீற்றர் ஹயம்ஸ் '2010' ஐப் படமாக்கியபோது சந்திராவாக நடித்தவர் அமெரிக்க நடிகர் பொப் பலபான். நடிப்பிலே குறைசொல்வதற்கில்லை, ஹாலிடம் விடைபெறும் காட்சி உருக்கமானது. ஆயினும் சந்திரா என்னும் சுருக்கப்பெயர் அம்முகத்திலே பொருளற்ற ஓர் ஒலியாகி நிற்கின்றது. படத்தை முன்னர்ப் பார்த்துவிட்டு நூலைத் திறக்கும் மாணவன், முழுப்பெயர் வரும் பக்கத்திலே ஒருகணம் தடுமாறுகின்றான். பின் பலபானின் முகத்தோடேயே மேலே படிக்கின்றான்.