ஒரு மில்லிமீட்டர்ச் சுவர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நவஹோ, என்ட்ராடா மணற்கற்களின் முகப்பில் வெளிறிய நரம்புகள் புடைத்து நிற்கும். சுற்றியுள்ள மணல் காற்றிலும் மழையிலும் உதிர்ந்தாலும் இவை உதிர்வதில்லை. 1978-இல் புவியியலாளர் அட்டிலா அய்டின் விரிவாக ஆராய்ந்த உருக்குலைவுப் பட்டைகள் இவை. விரிசல் என்று நினைத்துவிடக் கூடாது. விரிசல் வாய் திறந்திருக்கும். இங்கே நெருக்கத்தில் மணல்மணிகள் நொறுங்கி, அந்தத் தூளே இடுக்குகளை அடைத்திருக்கிறது.

இவை எண்ணெயை மறிக்கும் சுவர்கள் என்பது பரவலான கருத்து. ஆதாரம் இல்லாமல் இல்லை. 1994-இல் அன்டோனெல்லினியும் அய்டினும் தந்த அளவீடுகளின்படி, பட்டைக்குள் நுண்துளை அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகவும், ஊடுருவுதிறன் சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்காகவும் சரிகின்றன. இரண்டும் ஒரே வீதத்தில் சரியாததற்குக் காரணம், துளைகளை இணைக்கும் கழுத்துகள். கழுத்தைக் குறுகிய குழாயாகக் கொண்டால், அதன் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும்.

ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்ற எண் மிரட்டுகிற அளவுக்கு, கணக்குப் போட்டுப் பார்த்தால் மிரட்டவில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை தரும் தடை, ஒரு மீட்டர் நல்ல மணற்கல் தரும் தடைக்குச் சமம், அவ்வளவே. கிணற்றை நோக்கி நூறு மீட்டர் நகரும் எண்ணெய்க்கு அது நூற்றில் ஒரு பங்குக் கூடுதல் சுமை. விரலளவு மாதிரிக்கல்லைச் சோதிப்பவருக்கோ அதே பட்டைதான் முழுத் தடை. மிகை இங்கேதான் பிறக்கிறது. போதாக்குறைக்குப் பட்டையின் தடிப்பும் அடைப்பும் இடத்துக்கு இடம் மாறும். எண்ணெய் சுற்றிக்கொண்டு போய்விடும். உற்பத்தியில் இவற்றின் பாதிப்பு குறைவே என்று 2007-இல் ஃபோசனும் பாலேயும் வாதிட்டதை நான் ஏற்கிறேன். ஆழம் குறைந்த இடத்தில், இன்னும் இறுகாத மணலில் உருவான பட்டைகளில் மணிகள் உடையாமல் உருளத்தான் செய்கின்றன. அவற்றைத் தடை என்பதே தவறு.

இரண்டு இடங்களில் மட்டும் என் தீர்ப்பு மாறும். பாறை உடைந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சியை ஒட்டிப் பட்டைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நின்றால், அதே கணக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையின் தடையைக் காட்டும். அடுத்தது, தண்ணீர் நிறைந்த பாறைக்குள் எண்ணெய் முதன்முதலாக நுழையும் கட்டம். கழுத்து குறுகக் குறுக, நுழையத் தேவையான அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கிடைக்காவிட்டால், தொடர்ச்சியான ஒற்றைப் பட்டைகூடப் பூட்டிய கதவுதான்.