இலவச மருந்திலிருந்து மலிவு மருந்துக்கு: தமிழ்நாட்டு மருந்துதவித் திட்டங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

மருத்துவக் காப்பீடு இல்லாதவருக்கு மருந்து கிடைக்க வழி யாது என்னும் வினாவிற்குக் காப்பீட்டை விரிவுபடுத்துவதே விடையாகப் பெரும்பாலும் கூறப்படுகிறது. தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் மாற்றங்களை நோக்கின் அவ்விடை முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

இலவச வழங்கல்

1994ஆம் ஆண்டு பதிவு செய்யப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையா மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறையை நிறுவியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் குறிக்கப்பெற்ற தொகைக்கு ஏற்ப மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து பெற்றது. இம்முறையின் சிறப்பு கொள்முதல் விலை குறைந்தமை மட்டுமன்று. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர் காப்பீட்டு அட்டையைக் காட்ட வேண்டியதில்லை. புறநோயாளிச் சீட்டே போதும்.

காப்பீட்டின் எல்லை

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. பின்னது 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பெற்றது. அறுவை சிகிச்சைக்கு வழியற்றிருந்த குடும்பங்களுக்கு இவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை உள்நோயாளிச் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. நீரிழிவுக்கோ உயர் இரத்த அழுத்தத்திற்கோ மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரைக்கு இவை பணம் தருவதில்லை. ஆகவே மருந்தைப் பொறுத்தவரை, அட்டை உள்ளவரும் காப்பீடு இல்லாதவரே. சிறுநீரகம் செயலிழந்தபின் டயாலிசிஸ் செலவை ஏற்கும் திட்டம், அந்நிலையைத் தள்ளிப்போட்டிருக்கக்கூடிய அன்றாட மாத்திரையின் செலவை ஏற்பதில்லை என்பது இவ்வமைப்பின் அடிப்படை முரணாகும்.

மலிவு விற்பனை

இவ்விடைவெளியை நிரப்ப வந்தவை மலிவு விலைக் கடைகள். 2008இல் ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகமும், 2014இல் கூட்டுறவுத் துறையின் அம்மா மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களும் தொடங்கப்பெற்றன. அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு இக்கடைகள் உண்மையான உதவியே. ஆனால் இங்கு நோயாளி வாங்குபவராக மாறிவிடுகிறார். விலை எத்துணை குறைந்தாலும், வேலை கிடைக்காத மாதத்தில் அவ்விலையும் சுமையே. தள்ளுபடி, கையில் பணம் உள்ளவருக்கே பயன்படும்.

எதிர்த்திசை முயற்சி

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம், இப்போக்கிற்கு மாறானது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கு மாத்திரைகள் வீட்டிற்கே சென்று இலவசமாக வழங்கப்படுகின்றன. கட்டணத்தோடு பயணமும் காத்திருப்பும் மருந்துக்குத் தடைகள் என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. தொடர் மருந்து தேவைப்படும் பிற நோய்களுக்கும் இதே அணுகுமுறை உரியது.

முடிவுரை

வழங்கப்பெற்ற அட்டைகளின் எண்ணிக்கை, திறக்கப்பெற்ற கடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே திட்டங்கள் மதிப்பிடப்படுகின்றன. ஒரு நோயாளிக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் மருந்து தடையின்றிக் கிடைத்ததா என்பதே உரிய அளவுகோல். அவ்வளவுகோலின்படி, மலிவுக் கடைகள் இலவச வழங்கலுக்குத் துணையாகலாம்; மாற்றாக அமைதல் கூடாது.