நிபுணர் குழுவும் கிணற்றுத் தண்ணீரும்

ஒரு விவகாரம் கொதிக்கத் தொடங்கினால் நிபுணர் குழு அமைப்பது நம் அரசுகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் கைவந்த வழக்கம். அதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரப் பார்க்கத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்காக இங்கே வந்துபோன குழுக்களை எண்ண ஒரு கை விரல்கள் போதாது.

1998 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டதன் பேரில் நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) அறிக்கை கொடுத்தது. அதன்படி, மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து ஆலை 25 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டிருந்தது. நிலத்தடி நீரும் கெட்டிருந்தது. அந்த அறிக்கை மட்டும் இல்லையென்றால் ஊராரின் புகார் வெறும் புலம்பலாகக் கோப்பில் கிடந்திருக்கும். 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோதும் நீரியின் அறிக்கைகள்தான் துணை நின்றன. நச்சுக்கு நிறமும் மணமும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கருவி வைத்து அளந்தால்தான் வழக்கு நிற்கும். குழுக்களே வேண்டாம் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே நீரி, சில மாதங்களில், 1999 பிப்ரவரியில், கொடுத்த அடுத்த அறிக்கை ஆலைக்கு அனுகூலமாக இருந்தது. இடையில் மண்ணும் நீரும் தெளிந்துவிட்டனவா, அளந்த விதம் மாறியதா? வெளியிலிருந்து பார்ப்பவர் சரிபார்க்க வழியில்லை. அறிக்கைகள் ஆங்கிலத்தில், மாதிரி எடுத்த நாளும் கிணறும் பின்னிணைப்பில். ஆலையருகே உள்ள குமாரரெட்டியார்புரத்தில் குடம் சுமப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

2013 மார்ச் 23 காலை நடந்ததைப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலக்கமாகும். நகரத்தில் பலருக்குத் தொண்டை எரிந்தது, மூச்சு முட்டியது. ஆலைப் புகைபோக்கியின் உணர்கருவி, கந்தக டை ஆக்சைடு வரம்பைத் தாண்டியதாகப் பதிவுசெய்தது. அந்த நேரத்தில் கருவியை அளவுத்திருத்தம் செய்துகொண்டிருந்தோம், அதனால்தான் எண் ஏறியது என்றது நிர்வாகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. ஆலைக்குச் சொந்தமான ஒரு கருவியின் எண்ணை நம்புவதா, ஊராரின் தொண்டையை நம்புவதா என்ற இடத்துக்கு விவாதம் வந்து நின்றது. ஊருக்குள் வாரியமே நடத்தும் பத்து கருவிகள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இந்தக் கடற்கரைக்கு அளவீடு புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் முத்துக்குளிப்புக்கு முன், சிப்பிகள் வளரும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்கள் இறங்கிச் சிப்பி எடுத்து வருவார்கள். மாதிரிச் சிப்பிகளைத் திறந்து முத்தை மதிப்பிட்டு அறிவிப்பார்கள். அதை நம்பித்தான் வியாபாரிகள் வருவார்கள். அரசின் நோக்கம் வருமானம்தான், பெருந்தன்மை ஒன்றுமில்லை. இருந்தாலும் கணிப்பு பிசகினால் சில வாரங்களில் ஏலத்திலேயே தெரிந்துவிடும். நிபுணர் குழுவின் கணிப்பு பிசகினால் தெரிய இருபது வருடம் ஆகிறது. அதுவும் யாராவது வழக்குப் போட்டால்தான்.

என் பார்வையில், குழு வைப்பது தவறல்ல. அன்றாடம் அளக்க வேண்டியதை அளக்காமல் விட்டுவிட்டு, நெருக்கடி வந்ததும் குழு வைப்பதுதான் தவறு. 2008-இல் வெளியான திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆய்வு நல்ல உதாரணம். ஆலையைச் சுற்றி 5 கி.மீ.க்குள் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்நிலையைப் பதிவுசெய்து, மூச்சுக்கோளாறுகள் கூடுதல் என்றும், நிலத்தடி நீரில் இரும்பு மிகுதி என்றும் சொன்னது. ஆனால் ஆலை வருவதற்கு முந்தைய கணக்கு கையில் இல்லாததால், நோய்க்கு ஆலைதான் காரணமா என்று ஒரே ஒரு ஆய்வை வைத்து அறுதியிட முடியவில்லை. ஆலைத் தரப்பு அந்த ஓட்டையில் வசதியாக நின்றுகொண்டது.

2018 மே 22, 23 தேதிகளில், ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 28-ஆம் தேதி அரசு ஆலைக்குச் சீல் வைத்தது. மீண்டும் ஒரு குழு: ஓய்வுபெற்ற நீதிபதி தருண் அகர்வால் தலைமையில் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்தது. மூடியது செல்லாது என்றது அது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 815 பக்கத் தீர்ப்பில் மூடியது சரியே என்றது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் நின்றுபோனதும், அதை நம்பியிருந்த வேலைகள் போனதும் பொய்யல்ல. அந்த இழப்பையும் எந்தக் கணக்கிலிருந்தும் விட்டுவிடக் கூடாது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இன்னொரு குழுவைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டு, 29-ஆம் தேதி ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வழக்கு முடிந்தால் குழுக்களுக்கும் வேலை இல்லை. அறிவியலுக்கு அப்படியில்லை. முன்பு இல்லாத ஒப்பீட்டுக் கணக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது: ஆலை ஓடிய ஆண்டுகளின் அளவுகளுக்கு எதிரே, ஓடாத ஆண்டுகளின் கிணற்று நீரையும் நுரையீரலையும் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் தேறியிருந்தால் ஊர் சொன்னது நிரூபணமாகும். தேறாவிட்டால், சிப்காட் தொழிற்பேட்டையின் மற்ற ஆலைகளையும் உப்பாற்று ஓடையோரம் கொட்டிய கசடையும் கேள்வி கேட்க வேண்டும். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியும் வ.உ.சி. கல்லூரி வேதியியல் துறையும் ஆண்டுக்கு இருமுறை, அதே கிணறுகளில், அதே முறையில் அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டலாம். அதற்கு எந்த நீதிமன்ற உத்தரவும் வேண்டியதில்லை.