வீட்டில் செய்த ஒரு கிதாரை முன்வைத்து

1

இசை பற்றித் தமிழில் எழுதுகிற நாம் காதை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். கையை மறந்துவிடுகிறோம். பண் எது, சுருதி எத்தனை, பாடியவர் யார் என்று கேட்போம். கருவியை இழைத்தவன் யார், அதற்கு அந்த உருவத்தைக் கொடுக்க அவனுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. காரியாபட்டியில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தம்பி தன் வீட்டுத் திண்ணையில் எலக்ட்ரிக் கிதார் செய்யத் தொடங்கும்வரை.

ஐ.டி.ஐ. முடித்தவன். மதுரைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். கடையில் விற்கிற கிதார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, நான் என் இஷ்டத்துக்குச் செய்வேன் என்று சொன்னான். போய்ப் பார்த்தபோது சிமெண்ட் தரையில் சாக்பீஸால் உருவம் வரைந்திருந்தான். அரிவாள். வளைந்த வாய், அகன்ற நுனி.

"பிடி எங்கடா?"

"கழுத்துதாண்ணே பிடி."

"நல்லா இருக்கே" என்றேன். நான் சொன்ன இந்த ஒரு சொல்லைத்தான் இந்தக் கட்டுரை விசாரிக்கிறது.

ஏனென்றால் மறுநாள் அவன் கூட்டாளி வந்தான். காலனியில் இருப்பவன். சர்ச்சில் கிதார் பழகியவன். இந்த இருவரில் உண்மையாக வாசிக்கத் தெரிந்தவன் அவன்தான். செய்யப்படுகிற கிதாரே அவன் வாசிப்பதற்காகத்தான். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சவுண்டு நல்லாத்தான் வரும். ஆனா இத நான் தோள்ல மாட்ட மாட்டேன்டா" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. டீ குடிக்காமலே போய்விட்டான்.

2

'சவுண்டு நல்லாத்தான் வரும்' என்று அவன் சொன்னது முழுக்கச் சரி. வீணையின் குடத்தையோ சாதாரணக் கிதாரின் வயிற்றையோ விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. உள்ளே அடைபட்ட காற்றும் மேலே இருக்கும் மெல்லிய பலகையும் அதிர்ந்துதான் ஓசை பெருகுகிறது. உருவம் மாறினால் ஓசையும் மாறும். எலக்ட்ரிக் கிதாரின் கதை வேறு. எஃகுத் தந்திக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்று. தந்தி அதிரும்போது கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. ஓசையைப் பெருக்குவது அந்தப் பெட்டி, மரத்தின் வயிறு அல்ல. ஆகவே கெட்டிப் பலகையில் செய்த உடல் எந்த உருவத்தில் இருந்தாலும் ஓசையில் பெரிய வித்தியாசம் வராது.

இதை அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் செய்து பார்த்தார். நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி வாசித்தார். கூட்டம் கண்டுகொள்ளவில்லை. ஒரு பழைய கிதாரை இரண்டாக அறுத்து அந்தக் கட்டையின் இருபுறமும் இறக்கை மாதிரி ஒட்டினார். கைதட்டல் வந்தது. அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. ஓசை அதே ஓசை. மாறியது கண்ணுக்குத் தெரிந்த உருவம் மட்டும்.

அதாவது, ஓசைக்கு ஊழியம் செய்வதிலிருந்து உருவம் இங்கே விடுபட்டுவிடுகிறது. விடுபட்ட உருவம் என்னவாகும்? வெறும் குறியாகும். 1958இல் கிப்ஸன் நிறுவனம் கூரிய வி வடிவக் கிதார் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது வாங்க ஆளில்லை, சீக்கிரமே நிறுத்தினார்கள். பின்னால் வந்த ராக், மெட்டல் தலைமுறைகள் அதே உருவத்தைக் கலகத்தின் அடையாளமாகத் தூக்கிக்கொண்டன. போ டிட்லி என்ற கறுப்பினக் கலைஞர் செவ்வகப் பெட்டி மாதிரிக் கிதாரை மாட்டிக்கொண்டு மேடையேறினார். ஏழைப் பிள்ளைகள் சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டி வாசித்த மரபின் சாயல் அதில் இருக்கிறது. ஆக, தனி உருவத்தில் கிதார் செய்வது தொழில்நுட்பப் பிரச்சினை மட்டும் இல்லை. யாருடைய குறியை யார் தோளில் ஏற்றுவது என்ற பிரச்சினை.

3

நம் பிரதிகளுக்கு வருவோம். எம்.ஏ. தமிழில் பொருநராற்றுப்படையைப் பாடமாகப் படித்தோம். முடத்தாமக்கண்ணியார் பாட்டின் தொடக்கத்திலேயே யாழை உறுப்பு உறுப்பாக வைக்கிறார். மான் குளம்பு பதிந்த தடம் போல நடுவில் உயர்ந்து இருபுறம் சரிந்த பத்தர், விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல், வளை நண்டின் கண் போல் துளையை அடைத்த ஆணி, படமெடுத்த பாம்பு போல் நிமிர்ந்த தண்டு. இது ஒரு பட்டறைப் பட்டியல். செய்தவன் கையருகே நின்று பார்த்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும். வகுப்பில் இதை 'உவமை நயம்' என்று தாண்டிப் போனோம். அந்த ஆணியை அடித்தவன் பிரதிக்கு வெளியே நிற்கிறான்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒருவன் உள்ளே வந்துவிடுகிறான். மாடு மேய்க்கிற இடையன். தீக்கடை கோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும், உள்ளே பொள்ளலான குமிழங் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி வாசிக்கிறான். காசு இல்லை, புரவலன் இல்லை. கைக்கு எட்டிய மரம், கைக்கு எட்டிய நார். வீட்டில் கருவி செய்கிறவனுக்குத் தமிழில் ஒரு மூதாதை உண்டென்றால் இவன்தான். இவன் வாசித்தது என்ன பண் என்று ஆராய்ந்திருக்கிறோம். இவன் கை பற்றி யார் ஆராய்ந்தோம்?

பெரியபுராணத்தில் இன்னொரு காட்சி. சம்பந்தரின் பதிகம் யாழில் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்குகிறார். குரல் பெரிது, கருவி சிறிது என்று இதை வாசிக்கப் பழக்கியிருக்கிறார்கள். உடைந்தால் இன்னொன்றைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று எந்த உரையாசிரியரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

4

திண்ணைக்குத் திரும்புவோம். உருவத்தில் கிடைக்கிற சுதந்திரம் கழுத்தில் கிடையாது. கழுத்தில் சட்டம் இருக்கிறது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817ஆல் வகுக்க வேண்டும். முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் விழும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 324இல் வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காது காட்டிக்கொடுத்துவிடும். வீணை செய்கிறவர்கள் 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துகிறார்கள். இங்கே காதுக்குப் பதில் கணக்கு. கருணாமிர்த சாகரத்தில் 1917இல் ஆபிரகாம் பண்டிதர் 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியைச் சமமாகப் பகுக்க வேண்டும் என்று வாதாடினார். விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் 22 என்றே நின்றார். அந்தப் பெரிய விவாதத்தின் ஒரு கட்சி, இந்தத் தம்பியின் இரும்பு ஸ்கேலில் தன்னையறியாமல் உட்கார்ந்திருக்கிறது.

மரம்? சீமைக் கருவேலம். கரிமூட்டம் போடுவதற்கு மட்டும் ஆகும் என்று நாம் ஒதுக்கிய மரம். கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்ன மரம். அதற்கு நெருங்கிய உறவான மெஸ்கீட்டில் டெக்சஸ்காரர்கள் நாற்காலி மேசை செய்கிறார்கள். காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது, முறுக்காது. கெடுதல் என்னவென்றால் கனம். நேரான அகலப் பலகையும் கிடைக்காது. தம்பி மூன்றங்குலச் சட்டங்களாக அறுத்து, இழைப்புளி போட்டு, பசை வைத்து ஒட்டினான். கழுத்துக்கு இடித்த வீட்டின் தேக்கு நிலைக்கால். ஆறு தந்தியும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்கக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1963இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பள்ளி மாணவரும் அவர் தந்தையும் வாங்கக் காசில்லாமல் வீட்டிலேயே கிதார் செய்தார்கள். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தானது. புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். 1928ஆம் வருஷத்து மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்கம்பி, அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான். ஏறத்தாழ இரண்டு வருஷ வேலை. பிறகு 'குயீன்' குழுவோடு உலக மேடைகளில் ஒலித்தது அந்தக் கிதார்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்கப்பைத் தாங்களே சுற்றிப் பார்த்து, திருப்தியில்லாமல் கடையில்தான் வாங்கினார்கள். நம் தம்பியும் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் போய்க் கேட்டான். "இவ்வளவு மெல்லிசுக் கம்பி நம்மகிட்ட ஏதுப்பா, கை பட்டாலே அறுந்துரும்" என்று அனுப்பிவிட்டார்கள். பார்சலில் வரவழைத்தான். 'முழுக்க என் கையால்' என்பது எப்போதும் பாதி உண்மைதான். இடையனுக்கும் மரல் நாரை யாராவது திரிக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

5

இப்போது அந்த அரிவாள்.

நான் ஏன் 'நல்லா இருக்கே' என்றேன்? அமெரிக்க உருவத்தைக் காப்பியடிக்காமல் நம்ம மண்ணின் பொருளை எடுக்கிறானே என்று மகிழ்ந்தேன். 'வட்டாரம்', 'நாட்டார் குறியீடு', 'மண்ணின் அழகியல்' என்று பத்து வருஷமாகக் கட்டுரை எழுதிப் பழகிய மூளை அது. ஆனால் இந்தப் பக்கத்தில் அரிவாள் கருவேலம் வெட்டுகிற கருவி மட்டுமா? பிளக்ஸ் போர்டில், பைக் ஸ்டிக்கரில், சினிமாவில் யார் கையில் அது பெருமையாக இருக்கிறது, யார் கழுத்துக்கு நேரே அது நீட்டப்படுகிறது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் தடைசெய்யச் சொன்னது. கயிற்றின் நிறத்துக்கே இவ்வளவு கனம் என்றால் அரிவாள் உருவத்துக்கு?

பறையின் வரலாறு நமக்குத் தெரியும். தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்றார்கள். கருவியின் பெயரை ஒரு சமூகத்தின் மேல் ஒட்டினார்கள். மின் கிதாரில் தோல் இல்லை, நரம்பு இல்லை; அதனால் சாதி இல்லை என்று நினைத்திருந்தேன். பொருளில் இல்லாத சாதி குறியில் நுழைந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது பறையும் கானாவும் மின் கிதாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எந்தக் கருவியும் பிறப்பால் யாருக்கும் சொந்தமில்லை என்று காட்டிய மேடை அது. நான் அதைக் கைதட்டிப் பாராட்டி எழுதியவன். என் ஊர்த் திண்ணையில் கோட்டை விட்டேன்.

'கலைஞனின் சுதந்திரத்தில் தலையிடலாமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உருவத்தை வரைகிறவனுக்கு இருக்கிற சுதந்திரம், அதைத் தோளில் சுமக்கப் போகிறவனுக்கும் உண்டல்லவா? வாசிக்கிறவன் உடம்பை விட்டுவிட்டுக் கருவியின் உருவத்தைப் பேச முடியாது. 1954இல் பெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு முதுகும் விளிம்பும் வளைத்துச் செதுக்கப்பட்டது, பலகையின் முனை விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டதால்தான். அவர்களுக்கு விலாவில் குத்தியது. இவனுக்குக் குத்திய இடம் வேறு.

தம்பி நாலைந்து நாள் மரத்தைத் தொடவில்லை. முதலில் கோபம். "எல்லாத்துலயும் இதப் பாத்தா எப்படிண்ணே?" என்று என்னிடம் கத்தினான். "நீங்கதான நல்லா இருக்குன்னீங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு அவனாகவே போய்க் கூட்டாளியைக் கூட்டிவந்தான். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, ஒட்டி வைத்திருந்த கருவேலப் பலகையை மடியில் கொடுத்தான். தொடை படுகிற இடம், முழங்கை சாய்கிற இடம், விலா ஒட்டுகிற இடம். சாக்பீஸால் சுற்றி வரைந்தான்.

வந்த உருவத்துக்குப் பெயர் இல்லை. எதைப் போலவும் இல்லை. அவன் மாமா பார்த்துவிட்டு "அவிச்ச கிழங்கு மாதிரில்ல இருக்கு" என்றார். ரம்பம் போட்டாகிவிட்டது. அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறான். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. கூட்டாளி தினமும் சாயங்காலம் வந்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம் எடுடா, கனமா இருக்கு" என்கிறான்.

இந்தமுறை என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.